கை திரும்பிவிடும், ட்ரம்மர்தான் கிடைக்க வேண்டும்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஜேம்ஸ் வில்லியம்சன் மாதிரி பழைய அமெரிக்கக் கேரேஜ் ராக் கிட்டாரிஸ்டுகள் 60 வயதுக்கு மேல் புது பேண்டோடு மேடையேறுகிறார்களே, இருபது முப்பது வருஷம் சும்மா இருந்த கை எப்படித் திரும்புகிறது? பழைய ஆட்கள் இல்லாமல் புது ஆட்களோடு வாசிப்பது அதே இசைதானா, இல்லை பழைய பெயரைச் சொல்லி டிக்கெட் விற்பதா? இப்படி இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் "எனக்கும் 44 ஆகிறது, காலேஜில் வாசித்த கிட்டார் பரண் மேல் கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 23 வருஷமாகச் சென்னையில் கிட்டார் பழுதுபார்க்கிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் கல்யாணக் கச்சேரிகளில் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார். கேரேஜ் ராக்கை மேடையில் வாசித்தவன் இல்லை. ரெக்கார்டுகளைத் தேயத் தேயக் கேட்டதும், அந்த ரெக்கார்டுகளின் வலது கை வாசிப்பை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டியதும்தான் என் பழக்கம். மருத்துவம் படித்தவனும் இல்லை, அதனால் கைவலி பற்றிக் கீழே நான் சொல்வதை ஒரு மெக்கானிக் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கை. சில வருஷங்களுக்கு முன் 52 வயதுக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். வங்கி வேலை. காலேஜ் முடிந்ததும் விட்டது, 28 வருஷம் ஆகிறது என்றார். பெட்டியைத் திறந்தால் கம்பியெல்லாம் துரு. மாற்றிக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சார், சுத்தமா மறந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவருடைய இடது கட்டைவிரல் கழுத்துக்கு மேலாக வந்து ஆறாவது கம்பியை அமுக்குகிறது. மற்ற விரல்கள் எஃப் கார்டில், அதாவது பல கம்பியைச் சேர்த்து அமுக்கும் ஒரு பிடியில், உட்கார்ந்துவிட்டன. அவர் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் எஃப் பிடிப்பது புத்தகத்தில் சொல்லித்தரும் முறை கிடையாது. அது ஒவ்வொருவரும் யாரையோ பார்த்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கம். யாரிடம் பிடித்தார் என்று கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

இது அவருக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. உடம்பு கற்றுக்கொண்டதும் மனசு நினைவில் வைத்திருப்பதும் மூளையில் வேறு வேறு வழிகளில் இருக்கின்றன என்பது உறுதியான விஷயம். 1953இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன ஹென்றி மோலேசன் என்ற அமெரிக்கரைக் கனடாவின் பிரெண்டா மில்னர் பல வருஷம் ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரக் கோட்டை வரையும் பயிற்சியில் அந்த மனிதர் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தார். முந்தைய நாள் வரைந்தது மட்டும் அவருக்கு நினைவே இல்லை. சைக்கிள் மறக்காது என்று சொல்கிறோமே, அதே சங்கதிதான். ஆக, 20 வயதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் போட்டு ஏற்றிய கை, 60 வயதில் காலி கை ஆகாது.

ஆனால் திரும்பாதது, அல்லது மெதுவாகத் திரும்புவது எது என்பதிலும் சந்தேகம் இல்லை. விரல் நுனிக் காய்ப்பு போய்விடும். அது இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். தாக்குப்பிடிப்பதுதான் பெரிய சிக்கல். நிமிடத்துக்கு 160 அடி என்ற வேகத்தில் ஒரு பாட்டு ஓடுகிறது, ஒவ்வொரு அடிக்கும் இரண்டு முறை கம்பியை மேலிருந்து கீழாகவே இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 320 இழுப்பு. மூன்று நிமிடப் பாட்டில் 960. கேரேஜ் ராக்கில் இது அபூர்வம் இல்லை. கீழிழுப்பும் மேலிழுப்பும் மாற்றி மாற்றிப் போட்டால் கைக்குச் சுலபம், ஆனால் அந்த முரட்டுத்தனம் போய்விடும். கம்பிமேல் விழும் ஒவ்வொரு அடியும் ஒரே எடையில் விழுவதுதான் அந்தச் சத்தம். 25 வயதில் முன்னங்கை இதைக் கேள்வி கேட்காமல் செய்தது. 60இல் இரண்டாவது பாட்டிலேயே எரிய ஆரம்பிக்கும்.

இந்த இசையில் வயதானவர்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. நம் பக்கத்து மொழியில் சொன்னால், இதில் பிருகா மாதிரி வேகச் சங்கதி கிடையாது, காலப்பிரமாணமும் அழுத்தமும்தான். மூன்று கார்டு, நான்கு கார்டு. கேரேஜ் ராக் என்ற பெயரே 1960களில் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வைத்து வாசித்த பள்ளிக்கூடப் பையன்களால் வந்தது, அவர்களால் வாசிக்க முடிந்ததுதான் அந்த இசையின் அளவு. அதனால் இடது கையின் வேகம் முதுமையில் குறைந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஜாஸ், மெட்டல் வாசிப்பவர்களுக்கு அது பெரிய நஷ்டம்.

இப்போது வில்லியம்சன். அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சந்தேகத்துக்கு அதிலேயே பாதி விடை இருக்கிறது. மிச்சிகனைச் சேர்ந்த தி ஸ்டூஜஸ் குழுவில் முதலில் கிட்டார் ரான் ஆஷ்டன். 1970களின் தொடக்கத்தில் வில்லியம்சன் உள்ளே வந்தார், 1973இல் வந்த ரா பவர் ஆல்பத்தில் கிட்டார் அவர் கைக்குப் போனது, ரான் பேஸ் கிட்டாருக்கு நகர்த்தப்பட்டார். அந்த ஆல்பத்தில் அவர் வைத்திருந்தது ஒரு லெஸ் பால் கஸ்டம் கிட்டார், வாக்ஸ் ஏசி30 ஆம்ப். ஏசி30 என்பது 30 வாட், நான்கு சின்ன வால்வு. முழுக்கத் திருப்பினால் வால்வு தாங்க முடியாமல் கத்தும், அந்தக் கத்தல்தான் பின்னால் வந்த எத்தனையோ பங்க் ராக் கிட்டாரிஸ்டுகளுக்குப் பாடம். ஆனால் அப்போது அந்த ரெக்கார்டு விற்கவில்லை, குழு 1974இல் உடைந்தது. அதன்பின் குழுவின் பாடகர் இகி பாப்போடு ஒன்றிரண்டு ஆல்பம் வேலை, அதுவும் 1980 வாக்கில் முறிந்தது.

இங்கே கதை நம் ஊர்ப் பக்கம் திரும்புகிறது. மனிதர் கிட்டாரை மூட்டை கட்டிவிட்டு எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தார். கலிபோர்னியாவின் கால் பாலி பொமோனாவில் 1982இல் பட்டம். சிலிக்கான் வேலியில் ஏஎம்டி என்ற சிப் கம்பெனியில் வேலை, பிறகு 1997 முதல் சோனியில். கடைசியில் தொழில்நுட்பத் தரநிலைகள் பிரிவின் துணைத் தலைவர். கோட்டு சூட்டு, மீட்டிங், தரநிலைக் கமிட்டி. கூட வேலை பார்த்தவர்களில் பலருக்கு அவர் யார் என்றே தெரியாது.

2003இல் ஸ்டூஜஸ் மறுபடி சேர்ந்தபோது அவரைக் கூப்பிடவில்லை, கிட்டார் ரான் ஆஷ்டனிடமே திரும்பியது. 2009 ஜனவரியில் ரான் இறந்துபோனார். அப்போதுதான் இகியிடமிருந்து அழைப்பு. வில்லியம்சன் முதலில் தயங்கினார், வேலை இருந்ததே. அதே வருஷம் சோனியில் முன்ஓய்வுத் திட்டம் வந்தது, வாங்கிக்கொண்டு கிளம்பினார். வயது 59, அந்த அக்டோபரில் 60.

அடுத்து அவர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நேராக ஸ்டூஜஸ் ஒத்திகைக்கு ஓடவில்லை. கலிபோர்னியா சான் ஹோசேயில் தி கேர்லெஸ் ஹார்ட்ஸ் என்று ஒரு உள்ளூர் பேண்ட். அவர்கள் பழைய பாட்டுகளைப் படித்துவைத்துக்கொண்டு அவரோடு ஒத்திகை பார்த்தார்கள். 2009 செப்டம்பரில் அதே ஊரில் பிளாங்க் கிளப் என்ற சின்ன இடத்தில் அவர்களோடு ஒரு கச்சேரி வாசித்தார். நவம்பரில்தான் பிரேசிலின் சாவ் பாலோவில் ஸ்டூஜஸ் மேடை. அடுத்த மார்ச்சில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். இந்த வரிசையில் சான் ஹோசே கச்சேரியை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமான கச்சேரி. வீட்டில் தனியாக எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாலும் கிடைக்காத ஒன்று, மூச்சு விடும் ஒரு ட்ரம்மர் பக்கத்தில் இருந்தால்தான் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்ஜினியர் அல்லவா, நேரடியாக உற்பத்திக்குப் போகாமல் ஒரு சோதனை ஓட்டம் விட்டுப் பார்த்திருக்கிறார்.

மேலே சொன்ன வங்கிக்காரர் கதையின் மறுபாதியும் இதுதான். மூன்று மாதத்தில் கார்டெல்லாம் வந்துவிட்டது, மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவியோடு கச்சிதமாக வாசித்தார். நானும் பெருமையாக நாலு பசங்களோடு ஒரு ஒத்திகை அறையில் உட்கார வைத்தேன். முதல் பாட்டு பாதி தாண்டவில்லை. ஸ்பீடு ஓடுகிறது. ட்ரம்மர் பையன் பிடித்து இழுக்கிறான், இவர் முன்னால் ஓடுகிறார், இவரைப் பிடிக்க அவன் ஓட, கடைசியில் எல்லோரும் பஸ் பிடிக்கிற மாதிரி வாசித்தார்கள். தப்பு என்னுடையது. மெட்ரோனோம் யார் ஓடினாலும் அசையாது, மனுஷன் அசைவான். அசைகிற ஆளோடு சேர்ந்து அசையாமல் இருப்பது தனி வித்தை, அது தனியறையில் வராது. அவருக்கு அது பழையபடி வர ஆறேழு மாதம் ஆனது.

இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்துதான் போக வேண்டும். பழைய ஆட்கள் இல்லாமல் அதே இசையா? கிட்டாரிஸ்டை விட ட்ரம்மர் மாறினால்தான் பேண்ட் மாறுகிறது என்பது என் அனுபவம். வில்லியம்சன் 2009இல் திரும்பியபோது ஸ்டூஜஸில் ட்ரம்ஸ் ரானின் தம்பி ஸ்காட் ஆஷ்டன், அதாவது ரா பவரில் வாசித்த அதே கை. பேஸில் மைக் வாட், அவர் வேறு குழுவிலிருந்து வந்தவர், ஆனாலும் கேட்டால் ஸ்டூஜஸாகத்தான் கேட்டது. 2013இல் புது ஆல்பமும் போட்டார்கள். 2014 மார்ச்சில் ஸ்காட் இறந்தார். சாக்ஸபோன் வாசித்த ஸ்டீவ் மெக்கேயும் 2015இல் போய்விட்டார். அடுத்த வருஷம் கடையை மூடிவிட்டார்கள். பெயரை வைத்துத் தொடர்ந்து விற்றிருக்கலாம், கூட்டம் வந்திருக்கும். செய்யவில்லை. இதை நான் மதிக்கிறேன்.

2018இல் வில்லியம்சன் உண்மையிலேயே புது பேண்டோடு வந்தார்: பிங்க் ஹார்ட்ஸ். பாட ஃபிராங்க் மேயர், பாடவும் வயலின் வாசிக்கவும் பெட்ரா ஹேடன். பெட்ரா, ஜாஸ் பேஸ் மேதை சார்லி ஹேடனின் மகள். பழைய பாட்டை மறுபடி வாசிக்கும் திட்டம் இல்லை இது, பிஹைண்ட் தி ஷேட் என்று புதுப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம். கேட்டுப் பார்த்தேன். வலது கை அப்படியே இருக்கிறது, இரண்டு கார்டில் ஆளைத் தெரிந்துவிடும். பாட்டுகள் பழைய உயரத்தில் இருக்கின்றனவா என்றால் எனக்கு இல்லை. ஆனால் வயலின் வரும் இடங்களில் அந்த கிட்டார் இதுவரை போகாத ஒரு பக்கம் போகிறது. இது ரசனை விஷயம், இதில் யாரும் உறுதியாகப் பேச முடியாது. நீங்கள் கேட்டுவிட்டு என்னோடு சண்டை போடலாம்.

2020இல் இன்னொன்று செய்தார். டெனிஸ் டெக்கோடு சேர்ந்து ஒரு ஆல்பம். டெக் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் பிறந்து, ஆஸ்திரேலியா போய், 1974இல் சிட்னியில் ரேடியோ பேர்ட்மேன் என்ற குழுவைத் தொடங்கியவர். அந்த ஊர்ப் பங்க் ராக் இசைக்கு அவர்கள்தான் பிள்ளையார் சுழி. மருத்துவம் படித்து அமெரிக்கக் கடற்படையில் மருத்துவராக இருந்தார், பிறகு அவசர சிகிச்சை மருத்துவர். ஆக இரண்டு கிட்டார், ஒருவர் இன்ஜினியர், ஒருவர் டாக்டர். நம் வீட்டில் அப்பா அம்மா கனவு கண்ட பேண்ட் இதுதான்.

சிரிப்புக்குச் சொன்னாலும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. கேரேஜ் ராக்காரர்களில் பெரும்பாலோர் இசையால் வயிறு வளர்த்தவர்கள் இல்லை. வாஷிங்டன் மாநிலம் டக்கோமாவின் தி சோனிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் முதல் ஆல்பம், ட்ரம்ஸுக்கு ஒரே ஒரு மைக், இரண்டே ட்ராக் டேப், அதில் சத்தத்தை அளக்கும் மீட்டரின் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிற சத்தம். சில வருஷத்தில் கலைந்தார்கள். கிட்டாரிஸ்ட் லாரி பரீபா இன்சூரன்ஸ் வேலைக்குப் போனார், பாடகர் ஜெரி ராஸ்லி ரோடு போடும் தொழிலுக்கு, சாக்ஸபோன் ராப் லிண்ட் விமானம் ஓட்டப் போனார். நாற்பது வருஷம் கழித்து 2007இல் இந்த மூவரும் நியூயார்க்கில் ஒரு விழாவுக்காக மேடையேறினார்கள். பேஸுக்கும் ட்ரம்ஸுக்கும் புது ஆட்கள். 2015இல் ஒரு ஆல்பம் போட்டார்கள், டெட்ராய்டின் ஜிம் டயமண்ட் பதிவு செய்தார், அதையும் மோனோவில் (இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலியாக). அதில் ட்ரம்ஸ் டஸ்டி வாட்சன். முதல் பாட்டில் அவர் அடிக்கும் அடியைக் கேட்டுவிட்டு "பழைய ட்ரம்மர் இல்லையே" என்று யாரும் வருத்தப்பட முடியாது. பழையவர் மாதிரி வாசிக்க முயலாமல், பழையவர் இருந்த இடத்தில் உட்கார்ந்து தன் பலத்தில் அடித்தார். கிழவர்கள் மூவரும் அந்த அடியில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். புது ஆட்களை எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பழைய ரெக்கார்டை நகலெடுக்கத் தெரிந்த பணிவான இளைஞனைத் தேடுவார்கள். நகலெடுப்பவன் தலைவரைப் பார்த்துக்கொண்டே வாசிப்பான், தலைவர் தடுமாறினால் அவனும் தடுமாறுவான். வேண்டியது தலைவரைத் தள்ளிக்கொண்டு போகும் ஆள்.

பழைய பாட்டை மட்டும் வாசிக்கப் புது பேண்ட் சேர்ப்பது தவறா? தவறில்லை, ஆனால் அது வேறு காரியம். டெட்ராய்டின் எம்சி5 குழுவின் வேய்ன் கிராமர் 2018இல் செய்தது அதுதான். அவர்களின் முதல் ஆல்பம் 1968 அக்டோபர் கடைசியில் கிராண்டி பால்ரூமில் நேரடியாகப் பதிவானது. ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட சவுண்ட்கார்டன் குழுவின் கிட்டாரிஸ்ட் கிம் தாயில், ஃபுகாஸி குழுவின் ட்ரம்மர் பிரெண்டன் கான்டி என்று தேர்ந்த கைகளைச் சேர்த்து எம்சி50 என்று பெயர் வைத்துச் சுற்றினார். பெயரிலேயே நாணயம் இருக்கிறது பாருங்கள், எம்சி5 என்று போட்டுக்கொள்ளவில்லை. கிராமர் 1970களில் போதைப்பொருள் வழக்கில் சிறை போனவர், கென்டக்கிச் சிறையில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் ரெட் ராட்னி சக கைதி, அங்கேயே சேர்ந்து வாசித்தார்கள். பிற்காலத்தில் சிறைக் கைதிகளுக்கு கிட்டார் வாங்கிக்கொடுக்கும் ஜெயில் கிட்டார் டோர்ஸ் அமைப்பை அமெரிக்காவில் நடத்தினார். 2024 பிப்ரவரியில் இறந்தார். ஆக, "பெயரை விற்பதா" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் ஆளைப் பொறுத்தது. போஸ்டரில் என்ன பெயர் போடுகிறார்கள், மேடையில் யார் நிற்கிறார்கள், இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்கள் யாரும் இல்லை, ஃப்ரெட் கோல். ஒரேகான் மாநிலத்து ஆள், 1948இல் பிறந்தவர். 1960களில் தி லாலிபாப் ஷாப் என்ற குழுவில் பாடகர். மற்றவர்கள் விட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்றால் இவர் விடவே இல்லை, பேண்டை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தார். மனைவி டூடிக்கு பேஸ் சொல்லிக்கொடுத்து பேண்டில் சேர்த்துக்கொண்டார். 1987இல் டெட் மூன், ட்ரம்ஸ் ஆண்ட்ரூ லூமிஸ். ட்ரம்ஸ் மேல் ஒரு மதுப்புட்டி, அதில் எரியும் மெழுகுவர்த்தி, அதுதான் மேடை அலங்காரம். ரெக்கார்டு அச்சின் மூலத்தட்டை 1950களின் பழைய மோனோ லேத்தில் தானே வெட்டுவார். 2006இல் டெட் மூன் முடிந்தது. அவருக்கு 58. அடுத்த வருஷமே டூடியோடும் புது ட்ரம்மர் கெல்லி ஹாலிபர்ட்டனோடும் பியர்ஸ்ட் ஆரோஸ் என்று ஆரம்பித்துவிட்டார். புதுப் பெயர், புதுப் பாட்டு, மறுபடி வேனில் ஏறிச் சின்னச் சின்ன கிளப். டெட் மூன் என்ற பெயருக்கு ஐரோப்பாவில் நல்ல கூட்டம் உண்டு, அதைத் தொடாமல் இருந்தார். பியர்ஸ்ட் ஆரோஸில் ட்ரம்ஸ் இன்னும் கனமாக விழும், கோலின் கிட்டார் அதற்கேற்ப இடம்விட்டு வாசிக்கும். ட்ரம்மர் மாறினால் பேண்ட் மாறும் என்றேனே, இரண்டு குழுவையும் அடுத்தடுத்துக் கேட்டால் உங்கள் காதிலேயே விழும். பின்னால் 2014இல் டெட் மூனும் மறுபடி கூடியது, 2016இல் லூமிஸ் புற்றுநோயில் இறந்தார், 2017 நவம்பரில் கோலும் போய்ச் சேர்ந்தார்.

சரி, பரண் மேல் இருப்பதற்கு வருவோம். கையைவிட நான் பயப்படுவது உங்கள் காதுக்கு. ட்ரம்ஸும் ஆம்பும் சேர்ந்தால் சின்ன ஒத்திகை அறையில் 100 டெசிபல் சாதாரணமாக வரும். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100க்கு வரும்போது கால் மணி நேரம்தான். இளவயதில் கச்சேரி முடிந்து காது "ஙொய்" என்று இரைந்தால் தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் அடிபடுவது உள்காதின் மயிர்ச் செல்கள், போனது போனதுதான். அவை திரும்ப முளைக்காது. எனக்கு இடது காதில் உயர்ந்த சுருதிகள் கொஞ்சம் போய்விட்டன, பதினைந்து வருஷம் ட்ரம்மருக்கு வலப்பக்கம் நின்றதன் கூலி. இசைக்கலைஞர்களுக்கென்று வரும் காதடைப்பான் போடுங்கள். பஞ்சு போதாது.

கைவலியில் நான் பார்த்தவரை ஒரு வித்தியாசம் உண்டு. முன்னங்கை எரிவதும் காலையில் கனமாக இருப்பதும் பழக்கம் விட்டுப்போன தசையின் முனகல், இரண்டு நாள் ஓய்வில் அடங்கும். விரல் மரத்துப்போவது, ராத்திரியில் கை குத்துவது, கட்டைவிரல் மூட்டில் பிடிப்பது என்றால் அது என் கடை வேலை இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள். 44இல் பெரும்பாலோருக்கு முதல் வகைதான் வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் உட்காராமல் இருபது நிமிடமாக மூன்று தடவை வாசியுங்கள். மெல்லிய 009 கம்பியில் ஆரம்பியுங்கள், காலேஜில் தடித்த 011 போட்டிருந்தேன் என்ற வீம்பு வேண்டாம்.

கிட்டாரை இறக்கியதும் உடனே முறுக்கிச் சுருதி சேர்க்காதீர்கள். நம் ஊர்ப் பரண் வெயிலில் கோந்து இளகியிருக்கும், கழுத்து வளைந்திருக்கும், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ், அடியில் ஒரு தாள் நுழைகிற அளவுக்குத் தூக்கியிருக்கலாம். முறுக்கினால் பிய்த்துக்கொண்டு வரும். பழைய கம்பியைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் நாலைந்து நாள் அப்படியே வையுங்கள். பிறகு தெரிந்த ஆளிடம் கழுத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் புதுக் கம்பி. கூடவே வால்வ் ஆம்ப் ஏதாவது கிடந்தால் அதை ப்ளக்கில் சொருகவே சொருகாதீர்கள், பின்பக்கத்தையும் திறக்காதீர்கள். வருஷக்கணக்கில் கிடந்தால் உள்ளே கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும், மின்சாரம் பாய்ந்ததும் சட்டென்று வெடிக்கலாம். ஒரு தடவை ஓட்டிய ஆம்ப் என்றால், அணைத்த பிறகும் அதற்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும்.

வங்கிக்காரருக்கு இப்போது ஒரு பேண்ட் இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து அறை எடுக்கிறார்கள். முதல் ஒத்திகையில் அவரைப் பிடித்து இழுத்தானே ஒரு பையன், ட்ரம்ஸில் இன்னும் அவன்தான். போன மாதம் ஸ்ட்ராப் பட்டன் கழன்றது என்று கடைக்கு வந்தார். ஸ்பீடு எப்படி சார் என்றேன். "இப்போ அவன்தான் ஓடுறான், நான் புடிச்சு இழுக்கறேன்" என்றார்.